பழுது பார்ப்போரைப் பணிந்த மன்னனின் ஊர்

ஆலயத்தை எழுப்பியவர்களின் பெயர்களுக்கு விழா மலர்களில் என்றும் குறைவிராது. அடிக்கல் நாட்டியவர் யார், அர்ச்சித்துத் திறந்து வைத்த ஆயர் யார், மணி வாங்கித் தந்த குடும்பம் எது என்பனவெல்லாம் கல்லிலும் பொறிக்கப்படும், மலரிலும் அச்சேறும். அது முறைதான். ஆனால் ஆனி மாதச் சாரல் தொடங்குமுன் மாடியில் ஏறி, மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருந்த சருகை அள்ளிப் போட்டவர் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காணோம். சுவரில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்கியவருக்கும், விரிசலை முதலில் கண்டு பங்குத் தந்தையிடம் சொன்னவருக்கும் இதே கதிதான். கட்டிடங்கள் நூறாண்டு நிற்பது பெரும்பாலும் இத்தகையோரால்தான் என்பதை நம் வட்டாரத்து வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

மன்னனின் வணக்கம்

தென்காசிக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம். அக்கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். கோயில் கட்டிய அரசர்கள் தம் வெற்றிகளையும் கொடைகளையும் கல்லில் வெட்டி வைப்பது நாடறிந்த வழக்கு. இம்மன்னன் அதற்கும் மேலே ஒன்று செய்தான். பிற்காலத்தில் இவ்வாலயத்துக்கு ஏதேனும் பழுது நேருமாயின், அதை நீக்கிக் காப்பவர் எவராக இருந்தாலும், அவரை உலகறியத் தான் பணிந்து வணங்குவதாகத் தமிழ்ப் பாட்டாகவே பொறித்து வைத்தான். முடிசூடிய அரசன், இன்னும் பிறவாத ஒரு கொத்தனாரின் முன் தலைவணங்குகின்றான்! தான் எழுப்பிய கல்லும் ஒருநாள் பழுதுபடும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

அவன் அஞ்சியது நடந்தது. கோபுரம் சிதைந்து, பிளவுண்ட நிலையிலேயே நெடுங்காலம் நின்றது. அந்தப் பிளந்த கோபுரத்தைக் கண்ணாரக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உண்டு. 1990-ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லி வைத்த வணக்கத்துக்கு உரியவர்கள் அன்று வந்து சேர்ந்தார்கள் எனலாம்.

இதற்கு இணையான செய்தி நம் திருமறை நூலிலும் உண்டு. அரசர்கள் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்தின் பழுதுகளைச் சீர்செய்ய யோவாசு அரசன் கட்டளையிடுகின்றான். காணிக்கை வந்துகொண்டுதான் இருந்தது; ஆனால் அவனது ஆட்சியின் இருபத்து மூன்றாம் ஆண்டு வரையிலும் பழுது பார்க்கப்படவில்லை. பின்னர் குரு யோயாதா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளையிட்டுப் பீடத்தருகே வைத்தார். பழுது பார்ப்பதற்கென்று தனியே சேர்ந்த அப்பணம் தச்சர், கொத்தர், கல்தச்சர் கைக்கு நேரே சென்றது, வேலையும் நடந்தது. பராமரிப்புக்குத் தனிப் பெட்டி இல்லாத இடத்தில் பராமரிப்பு நடவாது என்பது அன்றே கண்ட உண்மை.

சுண்ணாம்பின் காலம்

நம் முன்னோர் கட்டியது கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நெருக்கி நிறுத்தி, அதன்மேல் சுண்ணாம்புக் காரையும் செங்கல் ஜல்லியும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய மட்டப்பாக்களைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். காரையில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்ப்பதுண்டு.

சுட்ட செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்புடன் சேர்த்தால் அக்கலவை ஈரத்திலும் இறுகும். இதைச் சுர்க்கிக் காரை என்பர். உரோமையர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்ததும் ஏறக்குறைய இதுவே. உரோமை நகரில் கி.பி. 126-ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட பாந்தியோன் எனும் வட்டக் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலமுள்ளது. அதன் கான்கிரீட்டில் இரும்புக் கம்பி கிடையாது. 609-ஆம் ஆண்டில் பாப்பரசர் நான்காம் போனிபாஸ் அதைக் கிறித்தவ ஆலயமாக அர்ச்சித்தார். அன்று தொட்டு வழிபாடு நடக்கும் இடமாதலால் அதைக் கவனிக்கவும் ஆள் இருந்தது. அக்காலத்துப் பிற கட்டிடங்கள் பல கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு அழிந்தபோதும் இது நிலைத்தது. வலுவான காரையோடு, கவனிக்க ஆளும் இருந்ததே அதன் இரகசியம்.

நம் பக்கத்திலும் அத்தகைய சான்று ஒன்றுண்டு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியே புனலூர் செல்லும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கழுதுருட்டியருகே சாலையோரம் நிற்கும் பதிமூன்று கண் பாலத்தை, கொல்லம் பக்கம் போய்வந்த நம்மில் பலர் கண்டிருப்போம். அகலப்பாதை வேலைக்காக 2010-ஆம் ஆண்டில் அவ்வழி மூடப்பட்டபோது, நூறாண்டு கண்ட பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிது எனத் தோன்றியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பழைய கல் வளைவுகளை அப்படியே நிறுத்தி, அவற்றுக்குக் கம்பி கட்டிய கான்கிரீட்டால் கவசமிட்டு வலுவூட்டினார்கள். 2018-ஆம் ஆண்டு முதல் அகலப்பாதை இரயில்கள் அதன்மேல் ஓடுகின்றன.

பெரியாற்று அணை தரும் பாடம்

பழுது பார்த்தலின் முழு வரலாற்றையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால், நம் மலைத்தொடரிலேயே வடக்கே செல்ல வேண்டும். கர்னல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. 1,200 அடி நீளமும் 176 அடி உயரமும் உள்ள அவ்வணையின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு. நடுப்பகுதி முழுவதும் சுண்ணாம்பும் சுர்க்கியும் உடைகல்லும் கலந்த காரை. அந்நாளைய கான்கிரீட் அதுதான்.

நீர் கசியும் இடத்தில் சுண்ணாம்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். எனவே 1930-களின் தொடக்கத்தில் அணையின் மேலிருந்து துளைகளிட்டுச் சிமெண்டுப் பாலை அழுத்திச் செலுத்தினார்கள். 1933-ல் நீர்ப்பக்கத்து முகத்தில் சிமெண்டுச் சாந்தைப் பீய்ச்சியடித்துப் பூசினார்கள். 1960-ஐ ஒட்டி மீண்டும் சிமெண்டுப் பால் செலுத்தப்பட்டது. 1979 ஆகஸ்டு 11-ல் குஜராத்தில் மோர்வி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்து பல்லாயிரம் குடும்பங்கள் சீரழிந்தபின், நாடெங்கும் பழைய அணைகள் மீது கவனம் சென்றது. பெரியாற்று அணைக்கு மத்திய நீர்வள ஆணையம் மூன்று வேலைகளை வகுத்தது. முதலாவது, அணையின் தலைமீது கான்கிரீட் தொப்பி வைத்து எடையைக் கூட்டுவது. இரண்டாவது, மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி, அணையைப் பாறையோடு இறுக்கிக் கட்டுவது. மூன்றாவது, பின்புறத்தில் புதிய கான்கிரீட்டால் முட்டுக் கொடுப்பது. இவ்வேலைகள் 1980-களில் தொடங்கி 1994 வரை நடந்தன.

அணையைப் பற்றி இரு மாநிலங்களிடையே நீண்ட வழக்கின் நியாயங்களைப் பேச இது இடமன்று. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது என்பதை மட்டும் குறிப்பிடுவோம். நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. தேனி, மதுரை வயல்களுக்கு நீர் தரும் அவ்வணை, 1895-ல் கட்டியவரால் மட்டும் நிற்கவில்லை. 1933-ல் பூசியவரும், 1960-ல் துளையிட்டவரும், 1980-களில் வடம் இறக்கியவரும் சேர்ந்தே அதை நிறுத்தி வைத்திருக்கின்றனர். பின்னவர் பெயரை யாரும் பாடுவதில்லை.

சிமெண்டு வந்த கதை

பிரான்சு நாட்டில் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர், பூந்தொட்டிகள் உடையாதிருக்கச் சிமெண்டுக்குள் கம்பி வலையை வைத்து 1867-ல் காப்புரிமை பெற்றார். கம்பி கட்டிய கான்கிரீட் பரவியதில் அத்தொட்டிக்குப் பெரும் பங்குண்டு. நம் திருநெல்வேலிச் சீமையில் தாழையூத்துச் சிமெண்டு ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஊரெங்கும் மட்டப்பாவும் ஓடும் குறைந்து, கான்கிரீட் தளம் பெருமைக்குரியதாயிற்று. பங்குகளிலும் பள்ளிக்கூடம், குருமனை, கன்னியர் மடம், மணிக்கூண்டு என எல்லாம் கான்கிரீட்டில் எழுந்தன. “சிமெண்டுக் கட்டிடம், இனிக் கவலையில்லை” என்று நம் பெரியவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

அந்த நம்பிக்கை முழுமையும் சரியன்று. பாரிசு நகரையடுத்த லெ ரான்சி எனும் ஊரில் ஒகுஸ்த் பெரே என்ற கட்டிடக் கலைஞர் 1922-23-ல் கட்டிய மாதா ஆலயம், பூச்சில்லாத கான்கிரீட்டிலேயே எழுந்த முன்னோடி ஆலயங்களுள் ஒன்று. உலகெங்கும் புகழ்பெற்ற அவ்வாலயத்திலும் உள்ளிருந்த கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் வெடித்து உதிர்ந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. பாந்தியோனில் கம்பி இல்லை. ஆகவே துருவும் இல்லை. கம்பி தந்த வலிமையோடு கம்பியின் நோயும் சேர்ந்தே வந்தது.

கம்பிக்கு வரும் நோய்

நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி. அக்காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று காவலாக நிற்கும்; துரு அணுகாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்காண்டு உள்ளே புகுந்து அக்காரத்தைப் போக்குகின்றது. பத்தாண்டில் ஐந்து மில்லிமீட்டர் ஆழம் புகுந்தால், நாற்பதாண்டில் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் புகும். மட்டமான கான்கிரீட்டில் இதைவிட விரைவாகப் புகும். அது கம்பியை எட்டிவிட்டால், பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். துருவாக மாறிய இரும்பு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். உள்ளே இடமில்லாததால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவரும்.

கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கின்றது என்பதே இங்கு உயிர்நாடி. இந்தியத் தரநிர்ணய விதிநூலின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, தளத்துக்கு 15 மில்லிமீட்டர் மூடல் போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்போ மிதமான சூழலுக்கே 20 எனவும், மழையும் ஈரமும் படும் இடங்களில் 30-ம் அதற்கு மேலும் எனவும் உயர்த்திவிட்டது. இடைப்பட்ட காலத்தின் அனுபவம் கற்பித்த பாடம் அது. 1980-க்கு முன் எழுந்த தளங்கள் பழைய அளவில் கட்டப்பட்டவை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய சங்கடங்களும் உண்டு. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றும் சாரலும் மாறி மாறி வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். இடையில் கடும் வெயில். நனைவதும் காய்வதுமாக இருக்கும் கான்கிரீட்டில்தான் துரு அதிகம் தழைக்கும். ஆடிக் காற்றில் தளம் போட்டால், மேற்பரப்பு ஈரம் சில மணி நேரத்தில் பறந்து, தளம் இறுகுமுன்பே மயிர்க்கோடு போன்ற விரிசல்கள் விழும். குற்றாலத்திலோ வாரக்கணக்கில் சுவர்கள் காய்வதில்லை; பாசி படரும், வெடிப்பில் ஆலும் அரசும் முளைக்கும். அருவிக்கரையில் வெள்ளத்தின் அடியும் சேர்ந்துகொள்ளும். 2024 டிசம்பர் வெள்ளத்தில் பேரருவிக் கரையின் தரைக்கற்களும் தடுப்புக் கம்பிகளும் பெயர்ந்ததை நாமெல்லாம் கண்டோம்.

கண்டறிவதும் சீர்செய்வதும்

நோயின் அடையாளங்கள் எவருக்கும் விளங்கக் கூடியவை. கூரையின் அடியில் பழுப்புக் கறை, கம்பி ஓடும் வழியே நேர்கோடாக விரிசல், சன்ஷேடின் ஓரம் உதிர்தல், வெள்ளை உப்புப் பூத்தல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். காரம் எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்க்க, புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் கூடத்தில் உள்ள பொருள்தான் அது.

சீர்செய்வதில் வரிசை முக்கியம். முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். மாடியில் வாட்டம் சரியில்லையா, தட்டோடு பெயர்ந்ததா, குழாய் அடைத்ததா என்று பார்க்காமல் கீழே பூசுவது ஓட்டைப் பானைக்கு வர்ணம் பூசுவது போல. அடுத்து, பாரம் தாங்கும் இடமானால் முட்டுக் கொடுத்து, உதிர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டித் தேய்த்து, கனம் மிகவும் தேய்ந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டவேண்டும். பின்னர் துருத்தடுப்புப் பூச்சும், பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சும் கொடுத்து, அதற்கென்றே தயாரான பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பி, ஈரச்சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது, எங்கே முட்டுக் கொடுப்பது என்பதைத் தேர்ந்த பொறியாளரே சொல்ல வேண்டும்.

நடப்பில் காண்பது என்ன? திருவிழா நெருங்கும்போது உதிர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி, மேலே வெள்ளையடித்துவிடுகின்றோம். விழாக் கூட்டத்துக்கு நன்றாகத்தான் தெரியும். உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் அப்பிய கட்டி அப்படியே கீழே விழும். அது விழும் இடத்தில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்திருக்கக் கூடும். பழைய தளத்தின் மேல் புதிய மாடி எழுப்புவதும், பெரிய தண்ணீர்த் தொட்டி வைப்பதும் இதைவிட ஆபத்தானவை.

இது வீண் பயமுறுத்தல் அன்று. 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன்பின் தமிழகமெங்கும் பள்ளிக் கட்டிடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதானவை இடிக்கப்பட்டன. உயிர்போன பின் வரும் ஆய்வு, அந்த மூன்று வீடுகளுக்கு எதைத் திருப்பித் தரும்? வருமுன் பார்க்கும் ஆய்வுக்கு ஆகும் செலவோ ஒரு விழாப் பந்தலின் செலவை எட்டாது.

நம் கடமை

யூபிலி ஆண்டில் புதிதாக ஏதேனும் கட்ட வேண்டும் என்ற ஆவல் இயல்பானதே. கொடி மரமும் கெபியும் முகப்பு வளைவும் எழட்டும். அவற்றை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னதாக மூன்று காரியங்கள் நடந்தால், இவ்விழா அடுத்த தலைமுறைக்கும் பயன்படும்.

முதலாவது, கட்டிடக் குறிப்பேடு ஒன்று. எந்தக் கட்டிடம் எந்த ஆண்டு எழுந்தது, தளம் எப்போது போடப்பட்டது, எந்த விரிசல் எப்போது கண்டது, யார் எதைக் கொண்டு சரிசெய்தார் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். பங்குத் தந்தையர் மாறுவர், கொத்தனார்கள் மாறுவர்; ஏடு மாறாது. இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை மாடியேறிப் பார்த்தல்: ஆனிச் சாரலுக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை. இதற்கு இளைஞர் நால்வரும் ஏணியும் போதும். மூன்றாவது, யோயாதாவின் பெட்டி. பழுது பார்ப்பதற்கென்றே தனிக் கணக்கு. அதில் சேர்ந்த பணம் வேறு எதற்கும் போகலாகாது.

கட்டியோருக்கு நம் நன்றி என்றும் உரியது. அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற கட்டிடங்களில் பல இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டன. இனி அவை நம் கையில். பராக்கிரம பாண்டியன் தன் வணக்கத்தைக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனான். அதை ஏற்றுக்கொள்ளத் தகுதியுள்ளோர் இவ்வூரில் எக்காலத்தும் இருக்க வேண்டும். வரும் ஆனியில் மாடிக்கு ஏணி சாத்துவோர் அவர்களுள் முதல்வராவர்.